ஐந்து மீட்டர் பெட்டி

நாற்பத்தொரு வயதுப் பெண்ணை எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டால் அவள் என்ன செய்வாள்? திரும்பிப் பார்ப்பாள், வேறென்ன செய்ய முடியும்? அவள் என் நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை. நாலு வயதில் அண்ணன் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் லாட்ஜில் தங்க வருகிறவர்கள்கூட இரண்டாம் நாளே “பாப்பா, இன்னொரு டவல்” என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளைவிடச் சின்னவர்கள்.

லாட்ஜ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அருவிக்குப் போகிற மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பன்னிரண்டு அறைகள், அவ்வளவுதான். வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்குவார்கள், ஈரத்துணியைக் கதவின் மேல் தொங்கவிட்டுக் கதவைப் பாழாக்குவார்கள். பதினொரு மணிக்குள் காலி செய்யுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னாலும் பதினொன்றேகாலுக்குத்தான் பல் தேய்ப்பார்கள். முன்மேஜையும் ரிஜிஸ்டரும் என் பொறுப்பு. குழாய், மோட்டார், மின்சாரம் என் கணவர் பார்த்துக்கொள்வார். பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் பாப்பா தலையில்.

மலையடிவாரத்தில் துணி காய வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வருடத்தில் பாதி நாள் வெயில் எட்டிப் பார்க்காது. அதனால் பின்பக்க அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, இரண்டு ஃபேன் ஓடவிட்டிருக்கிறோம். உள்ளே நுழைந்தால் ஈர பெட்ஷீட் முகத்தில் அறையும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, உயரத்தில் ஒரு காற்றுத்துளை மட்டும் உண்டு. அங்கேதான் பாப்பாவின் கட்டிலும் கிடக்கிறது. முன்பு அவளுக்கென்று தனி அறை இருந்தது. கூட்டம் அதிகமான ஒரு சீசனில் ஒரே ஒரு வாரத்துக்கு என்று சொல்லி அதை வாடகைக்கு விட்டோம். அந்த ஒரு வாரம் பதினாறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விட்டோம் என்ன, விட்டது நான்தான்.

அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. பார்த்தோம், இரண்டு இடம் வந்து போனது, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டோம். இனிப் பார்க்கப் போவதில்லை என்று அவளிடம் யாரும் சொன்னதும் இல்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் ஆறாம் நம்பர் அறையில் நாலு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வாரம் தங்கினார்கள். பெட்ஷீட் முழுக்க ஒட்டுப்புல்லின் விதை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பாப்பா உட்கார்ந்து ஒவ்வொரு விதையாகப் பிடுங்கி எடுத்தாள், எடுத்துக்கொண்டே அவர்களிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டும் வைத்தாள். அருவிப் பாதையில் வாரம் ஒருமுறை நடந்து பட்டாம்பூச்சி எண்ண உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். என் கணவரிடம் கேட்டதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நான் போறேன்” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. தோளில் எட்டு பெட்ஷீட்டோடு பாப்பா நின்றுகொண்டிருந்தாள். நான் கல்யாணமாகி வந்த இத்தனை காலத்தில் “நான்” என்று தொடங்கி அவள் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

எண்ணுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பாதையில் பத்து இடத்தில் கல் நட்டிருக்கும். முதல் கல்லிலிருந்து பத்தாவது கல் வரைக்கும் ஒரே சீராக மெதுவாக நடக்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டரை மீட்டர், அந்தப் பக்கம் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், தலைக்கு மேல் ஐந்து மீட்டர். இப்படி ஒரு பெட்டி இருப்பதாக மனதில் வைத்துக்கொண்டு, அதற்குள் வருகிற பட்டாம்பூச்சியை மட்டும் எழுத வேண்டும். பெட்டிக்கு வெளியே தங்கத்தில் ஒன்று பறந்தாலும் கணக்கில் சேராது. நிற்கக் கூடாது, திரும்பிப் பார்த்து எண்ணக் கூடாது. மழை பெய்தால் நடக்க வேண்டாம், ஆனால் அந்த வாரத்துக்குள் மழையில்லாத ஒரு நாளில் நடந்தே ஆக வேண்டும். பதிவு செய்த ஆளைத் தவிர வேறு யாரும் நடக்கக் கூடாது.

“பூச்சி எண்ணப் போறாளாம் மகாராணி” என்று நான் பேசாத பேச்சில்லை. பதினொன்றரைக்கு வீட்டில் இருக்க வேண்டும், பெட்ஷீட் மாற்ற வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். பத்து வருடத்தில் ஒரு நாள்கூட அவள் பதினொன்றரையைத் தாண்டவில்லை.

பத்து வருடம் ஒரு வாரம்கூட விடாமல் நடந்து முடிப்பவருக்கு அவர்களுடைய ஆய்வு நிலையத்தில் நிரந்தர வேலை என்று கடிதம் வந்தது. வேறொரு மலை, இங்கிருந்து ஒன்றரை நாள் பயணம். தங்க ஓர் அறையும் உண்டாம். கடிதத்தை அவள் துணி அறையில் நின்றுகொண்டே எனக்கு வாசித்துக் காட்டினாள். “கிழக்கால ஜன்னல் இருக்காம் அண்ணி” என்றாள். நல்லது என்று சொன்னேன். பன்னிரண்டு அறைக்கு யார் துவைப்பார்கள் என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பத்து வருடம் முடிய நாலே வாரம் இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் திங்கள் முதல் சனி வரை விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வானம் வெளுத்தது. பாப்பா எழுந்தாள், தொப்பியைப் போட்டாள், வாசல் வரை வந்தாள், படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. நானும் அவரும் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

“அண்ணி, நீங்க போய்ட்டு வர்றீங்களா?” என்றாள்.

“நானா? எனக்கு ஈக்கும் பட்டாம்பூச்சிக்குமே வித்தியாசம் தெரியாதுடி.”

“நான் சொல்லித் தர்றேன். இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு அண்ணி.”

ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு அறையும் நிரம்பி வழிகிறது. ஆனாலும் அவள் கண்ணைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. படுத்தபடியே பட்டாம்பூச்சிப் படப் புத்தகத்தைப் புரட்டி, மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொல்லிக் கொடுத்தாள். “இந்த மஞ்சள் நம்ம சீசன் கூட்டம் மாதிரி, கும்பலா வரும். இந்த பழுப்பு தனியா வர்ற கெஸ்ட், பேசாம மூலையில உக்காந்திருக்கும். இந்த வெள்ளை ஒரு இடத்துல நிக்காது, அறையை மாத்திக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்.” அப்படிச் சொன்னதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. வெறும் ஃபாரத்தில் கையெழுத்தைப் போட்டு, புத்தகத்தோடு சேர்த்து நீட்டினாள். கையெழுத்து கோணலாக விழுந்தது.

மேஜையில் என் கணவரை உட்கார வைத்தேன். கண்காணாத இடத்தில் விட்ட ஆள் மாதிரி திருதிருவென்று முழித்தார்.

இருபத்து மூன்று வருடமாக அந்தப் பாதையின் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்பவர்களுக்கு, “ஒரு மணி நேரம், ரொம்ப நல்லா இருக்கும், அவசியம் பாருங்க” என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நான் போனதில்லை. யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, மேஜையை விட்டு எழுந்தால்தானே போவதற்கு.

முதல் கல்லுக்கும் இரண்டாவது கல்லுக்கும் நடுவே இருபுறமும் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தது. அதன் மேல் மஞ்சள் பூச்சிகள் உண்மையிலேயே கும்பலாக வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. பதினாலு என்று எழுதினேன். மழைக்குப் பிறகான வெயிலில் இலையெல்லாம் ஆவி விட்டது. பாதையோரம் தொட்டாற்சிணுங்கி தரையோடு படர்ந்திருந்தது. என் புடவை உரசிய பக்கமெல்லாம் இலை மூடிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தாலும் விதியை நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது கல் தாண்டியதும் மரநிழல் சூழ்ந்தது. சிள்வண்டு காதைத் துளைத்தது. ஒரு கிளையில் முசுறு எறும்புகள் பச்சை இலைகளை இழுத்துப் பிடித்து வெள்ளை நூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒரு வரிசை எறும்பு இலையின் ஓரத்தைக் கவ்வி இழுக்க, இன்னொரு வரிசை தன் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து நூல் விடவைத்தது. நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது. நிற்கக் கூடாதே. ஒரு செடித் தண்டில் எச்சில் துப்பி வைத்தது போல நுரை. எவனோ சுற்றுலாக்காரன் வேலை என்று திட்டப் போனேன், நுரைக்குள்ளே குட்டிப் பூச்சி ஒன்று பச்சையாக நெளிந்தது. சுற்றுலாக்காரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது கல்லுக்குப் பக்கத்தில் ஓடை பாதையை ஒட்டி வருகிறது. வலது கைப் பக்கம் ஈர மணலில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தன. மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு என்று ஐம்பதுக்குக் குறையாது. ஒன்று சேர்ந்து எழுந்தன, ஒன்று சேர்ந்து உட்கார்ந்தன. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. கண்ணால் அளந்து பார்த்தேன், ஏழெட்டு மீட்டர் இருக்கும். பெட்டிக்கு வெளியே. பஸ் நிறைய வந்த கூட்டம் நம் வாசலைத் தாண்டி அடுத்த லாட்ஜுக்குப் போவதைப் பார்ப்பது போல வயிறு எரிந்தது. ஃபாரத்தில் அந்த இடத்துக்கு நேராக, பெட்டிக்குள் வந்த ஒரே ஒரு வெள்ளையை எழுதினேன்.

அதற்கப்புறம் எனக்குப் பெரணியும் பாசியும் சரியாகக் கண்ணில் படவில்லை. குச்சிப்பூச்சி ஒன்று என் முழங்கையை ஒட்டி நடந்து போனதுகூட அது கிளையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. பாப்பா வாரம் ஒருமுறை இங்கே வருகிறாள், காற்று வாங்குகிறாள், ஆகாயம் பார்க்கிறாள், நமக்கு வாய்க்காதது அவளுக்கு வாய்த்திருக்கிறது என்று இத்தனை நாள் பொருமிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தது ஐந்து மீட்டர். துணி அறையும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். மலைக்கு வரும்போதும் அவள் ஒரு அறையோடுதான் வந்து போயிருக்கிறாள்.

பத்தாவது கல்லில் எண்ணிக்கை முடிந்தது. அருவியின் இரைச்சல் காதை நிறைத்தது, ஆனால் அருவி கண்ணில் படவில்லை. பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்புகிறது, அதற்கு அப்பால் இருந்தது. மணி பதினொன்று. திரும்பிப் போயிருக்க வேண்டும். நான் பாறையைச் சுற்றிப் போனேன்.

அருவியைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்தது, சாரல் அடித்தது, நான் பாறையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். என் கை அகலம் இருக்கும். மேலே கறுப்பு, நடுவில் பளீரென்று நீலம். எனக்கு எதிரே ஈரப் பாறையில் வந்து உட்கார்ந்து இறக்கையை மூடியது. மூடியதும் வேறு பூச்சி போல ஆகிவிட்டது, வெறும் பழுப்பு, ஓரத்தில் சிவப்பாக ஐந்து வட்டம். எனக்காகவே வந்து உட்கார்ந்தது என்றுதான் அப்போது தோன்றியது. புத்தகத்தைப் புரட்டி அதே படத்தைக் கண்டுபிடித்து, அதன் எண்ணைப் பத்தாவது கல்லுக்கு நேராக எழுதி, பக்கத்தில் ஒன்று என்று போட்டேன்.

எனக்குத் தெரிந்த நேர்மை அதுதான். வந்தவர் எந்த அறையில் தங்கினாலும், ஒரு மணி நேரமே தங்கினாலும், ரிஜிஸ்டரில் பெயர் ஏற வேண்டும். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு ஆளை நான் எழுதாமல் விட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபாரத்தை ஃபோனில் படம் எடுத்து ஆய்வு நிலையத்துக்கு அனுப்பியும்விட்டேன். பாப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டதும் பெருமையாக அவளிடம் சொன்னேன்.

“எங்க பாத்தீங்க அண்ணி?”

“அருவிகிட்ட.”

“கல்லுக்கு அந்தப் பக்கமா?”

“நாப்பது அடி தள்ளி. அதுக்காக எழுதாம விட முடியுமா? எவ்வளவு அழகு தெரியுமா, நீ பாத்ததே இல்லையா?”

“அருவியையே நான் பாத்ததில்ல அண்ணி. நேரம் இருக்காது” என்றாள். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது. பதினொன்றரை என்று நான் போட்ட கறார் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அவள் தலையணை உறையை மடிக்க ஆரம்பித்தாள். “இன்னும் மூணு வாரம்தான். யாரும் கவனிக்கலேன்னா சரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கவனித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஆய்வு நிலையத்திலிருந்து ஓர் அம்மா வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், முதுகில் பை, முகமெல்லாம் சிரிப்பு. அதட்டிக் கேட்கிற ஆளாக இருந்திருந்தால் தேவலை.

“மேடம், இந்தப் பாதையில அந்த நீலம் இதுக்கு முன்னாடி பதிவே ஆனதில்ல” என்றாள் பாப்பாவிடம். பாப்பாவை மேடம் என்று ஒருத்தி கூப்பிட்டது என் காதில் விழுந்தது. “சின்னதா ஒரு குறிப்பு வேணும். எந்தப் பக்கம் இருந்துச்சு, உக்காந்துச்சா, இறக்கையை மூடினப்போ அடியில என்ன நிறம். அதோட உங்க பத்து வருஷ ஃபைலும் கையெழுத்துக்குப் போயிடும். அடுத்த மாசம் நீங்க அங்க இருப்பீங்க.”

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பழுப்பு மேஜையைத் தட்டிக் காட்டினேன். சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டினேன், ஐந்து விரலை விரித்தேன். பாப்பா என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் விரல் தேவையே இல்லை. அந்தப் புத்தகம் முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

“நான் பாக்கலை” என்றாள்.

“அப்ப எழுதினது?”

“அன்னிக்கு நான் நடக்கல. எனக்குக் காய்ச்சல். வேற ஆள் நடந்தாங்க. அது பெட்டிக்குள்ளயும் வரல.”

அந்த அம்மாவின் பேனா நின்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இதை நீங்க என்கிட்ட சொல்லலேன்னு வச்சுக்கட்டுமா?” என்று கேட்டாள்.

நான் சிவப்புப் பேனாவை மேஜையில் வைத்தேன்.

“வேண்டாம். எழுதிக்கோங்க.”

“எழுதினா மறுபடியும் முதல் வாரத்துலேருந்து ஆரம்பிக்கணும் மேடம். பத்து வருஷம்.”

“தெரியும்” என்றாள் பாப்பா.

அந்த அம்மாவை வழியனுப்பிவிட்டு நான் துணி அறைக்கு ஓடினேன். பெட்ஷீட்டுகளுக்கு நடுவே அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனேன். “உனக்குப் பைத்தியமாடி? வாயைத் திறந்து பழுப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?” என்று கத்தினேன்.

“அந்தக் கையெழுத்தைப் போட்டப்பவே உறுத்திச்சு அண்ணி. நீங்க நடந்தீங்க, பெட்டிக்குள்ள வந்ததை எண்ணினீங்க, எப்படியோ அது நெசம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இது நான் பாத்தேன்னு என் வாயால சொல்லணும். பத்து வருஷமா நான் பாத்ததை மட்டும்தான் எழுதியிருக்கேன். எனக்குன்னு இங்க வேற என்ன இருக்கு?”

அவள் ஒரு ஈர டவலை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, கோபமே இல்லாமல், நாளைக்கு எத்தனை அறை என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்: “நீங்க அந்த ஒன்னைப் போடாம இருந்திருந்தா நான் போயிருப்பேன் அண்ணி.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை திட்டி மனசு ஆறியிருப்பேன். உனக்கு நல்லது செய்யத்தானே போனேன் என்று சொல்லியிருப்பேன். அது பொய்யும் இல்லை. அந்தப் பூச்சியை எழுதும்போது என் மனசில் கள்ளம் எதுவும் கிடையாது, யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

சொல்ல முடியாதது வேறொன்று. முன்மேஜையில் அவள் “எழுதிக்கோங்க” என்று சொன்ன அந்த நொடியில், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா, இவள் போகவில்லை, என்பதுதான் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, பிறகு நிறையவே வந்தது. ஆனால் பாப்பா அப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மீட்டருக்குள் வருகிற எதையும் பத்து வருடமாகத் தவறவிடாதவள் அவள்.